டிகாக்ஷன் நிறத் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் மீன் வளர்த்தவர்களுக்கு பீட் ஒரு குதிரைக்கொம்பு. ஐரோப்பியச் சதுப்புகளில் ஸ்ஃபாக்னம் என்ற பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிப் படிந்து உண்டாகும் பழுப்புத்தூள் அது. எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் கப்பலில் வேலை பார்த்த அத்தான். ஹாம்பர்க்கில் இறங்கியபோது மீன் கடையொன்றில் வாங்கி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துவந்தார். அம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். "மாப்பிள்ளை அவ்வளவு தூரத்திலேர்ந்து மண்ணையா சுமந்துண்டு வந்திருக்கார்?"

எனக்கு அது வேண்டியிருந்தது நியான் டெட்ராவுக்காக. 1985-இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கிய மீன்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அவை உயிரோடு இருந்தன, நன்றாகத் தின்றன, நீலக்கோடு மின்ன நீந்தின. ஆனால் இட்ட முட்டை மாலைக்குள் வெள்ளையாகிவிடும். மோலியும் கப்பியும் அதே தண்ணீரில் கூட்டம் கூட்டமாகக் குட்டி போட்டுக்கொண்டிருக்க, நியான் மட்டும் பெருகவில்லை. காரணம் சுண்ணாம்பு. மோலிக்குக் கடினநீர் ஒத்துக்கொள்ளும். அமேசான் காட்டோடைகளில் பிறந்த நியானுக்கு, கிட்டத்தட்ட கால்சியமே இல்லாத, புளிப்பேறிய நீர் வேண்டும். முட்டைக் காலத்தில் மட்டுமாவது வேண்டும்.

அன்று எங்களிடம் மீட்டர் கிடையாது. ஒரு சீசாவில் கிணற்றுத் தண்ணீரும் இன்னொன்றில் மழைத்தண்ணீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குவோம். மழைத்தண்ணீரில் நுரை மூடிவரை ஏறி அப்படியே நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் நுரையே வராது, திரிந்தாற்போல வெள்ளைப் படலம் மிதக்கும். இதைவிடத் தெளிவாகக் கடினநீரைக் காட்டும் கருவி எதையும் நான் இன்றுவரை பார்க்கவில்லை.

பீட்டைக் கிணற்றுத் தண்ணீரிலேயே ஊறப்போட்டால் நிறம் மாறும், குணம் மாறாது. பாசியின் செல் சுவர்களில் உள்ள அமிலங்கள் நீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விடுகின்றன. அதனால்தான் நீர் மென்மையாகிப் புளிப்பேறுகிறது. ஆனால் நம் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அந்தப் புளிப்பை வரவர விழுங்கிவிடும். கைப்பிடி பீட் சீக்கிரமே ஓய்ந்துபோகும். ஆகவே முதலில் வேண்டியது மழை. ஐப்பசியில் முதல் ஒன்றிரண்டு மழையை மொட்டைமாடியைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து அண்டாவில் பிடிப்போம்.

காய்ந்த பீட் தண்ணீரில் மூழ்காது. எவ்வளவு அமுக்கினாலும் மேலே வந்து மிதக்கும். ஒரு கொதி வந்தால் அடங்கும். ஆறியபின் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, கூழாங்கல் ஒன்றையும் உள்ளே போட்டு, மழைநீர் வாளியில் இறக்கி, ஏர் ஸ்டோனை ஓடவிடுவேன். மறுநாள் மூட்டையைச் சுற்றி மட்டும் தேன் நிறம் இறங்கியிருக்கும். இரண்டு வாரத்தில் வாளி முழுவதும் நல்ல டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிடும். அதில் லிட்மஸ் தாள் சிவக்கும். இந்த நீரில் இருக்கும் ஹியூமிக் பொருள்களும் டானினும் முட்டையைப் பூஞ்சையிடமிருந்து ஓரளவு காக்கின்றன. நியான் முட்டைக்கு வெளிச்சமும் ஆகாது என்பதால் தொட்டியைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டுவேன். அந்தத் தண்ணீரில்தான் முதல்முறையாக முட்டைகள் பொரிந்தன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கண்ணும் வாலும் மட்டுமாகத் தெரியும் குஞ்சுகள். வீட்டுக்கு வந்தவர்களுக்கோ தெரிந்தது வேறு: "என்ன தம்பி, தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சு?"

இன்று அதே நிறத்துக்குத்தான் மவுசு. தெளிந்த நீரை வேண்டுமென்றே பழுப்பாக்கி, சருகும் வேரும் பரப்பி, படம் எடுத்துப் பகிர்கிறார்கள். நீரைப் பழுப்பாக்கும் சாறு புட்டியில் கிடைக்கிறது, பீட் உருண்டைகளாகக் கிடைக்கிறது. நீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர் சட்டைப் பையில் இருக்கிறது. மென்னீர் வேண்டுமென்றால் ஆர்.ஓ. குழாயைத் திறந்தால் போதும். இந்த வசதி எனக்கு மகிழ்ச்சிதான், ஒன்றைத் தவிர. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தரும்போது அதைவிட அதிகமான நீரைக் கழிவாகத் தள்ளுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்கு வரிசையில் நின்ற ஊர் இது. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலமும் இதுதான். நிலத்துக்குள் போகும் அந்தக் குழாயிலிருந்து ஒரு டிரம் அளவு மீனுக்கு எடுத்துவைத்துக்கொண்டால் யாருக்கும் குறைந்துபோகாது.

பீட் எங்கிருந்து வருகிறது என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. இன்று கேட்காமல் இருக்க முடியாது. அது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதம் மட்டுமே பீட் நிலம், ஆனால் மண்ணிலுள்ள கார்பனில் மூன்றில் ஒரு பங்கு அளவு அதற்குள் இருக்கிறது. வடிகால் வெட்டி உலர்த்தினால் அந்தக் கார்பன் கரியமில வாயுவாக வெளியேறும். எந்த மீன்களுக்காகக் கறுப்பு நீர் தயாரிக்கிறோமோ அவற்றில் சிலவற்றின் சொந்த நீரே இப்படித்தான் வற்றுகிறது. சுமத்ராவின் பீட் சதுப்புக் காட்டிலிருந்து 2006-இல் பீடோசைப்ரிஸ் என்ற மீனை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். வளர்ந்த பெண்மீன்களில் மிகச் சிறியதன் நீளம் 7.9 மில்லிமீட்டர், அது வாழும் நீரின் பி.எச். 3 வரை இறங்கும். உலகின் மிகச் சிறிய முதுகெலும்பிகளில் ஒன்று. அப்படிப்பட்ட காடுகளை எண்ணெய்ப்பனைக்காகக் கால்வாய் வெட்டி வடித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய காட்டு நீருக்குரிய சாக்லேட் கௌராமி மீனை வாங்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம்மிடமும் பீட் உண்டு, நீலகிரிப் புல்வெளிகளின் பள்ளங்களில். 1993-இல் ரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் படிவுகளிலிருந்த கார்பனை அளந்து, ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டுகளில் இந்த மலையில் பருவமழை எப்போது வலுத்தது, எப்போது தளர்ந்தது என்று கணித்தார்கள். 'ஊட்டியிலேயே தோண்டிக்கொள்ளலாமே சார்' என்று கேட்கும் பிள்ளைகளிடம் கெஞ்சியே சொல்கிறேன்: தொடாதீர்கள் தம்பி, அது மழையின் வரலாறு.

இதற்கிடையே வழியே திரும்பிவிட்டது. ஐரோப்பியத் தோட்டக்கலையில் பீட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்த, பொள்ளாச்சியிலிருந்து தென்னை நார்த்துகள் கட்டிகளாகக் கப்பலேறுகிறது. பீட்டில் முட்டையிடும் கில்லி மீன்களுக்குக்கூட இப்போது பலர் அதைத்தான் போடுகிறார்கள். உப்புப் போக நன்றாக அலசி, கொதிக்கவைத்துப் போட வேண்டும்.

எனக்கு பாதாம் இலை போதும். கொளத்தூரில் ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இதை நெடுங்காலமாகவே போட்டுவருகிறார்கள். மரத்திலிருந்து தானாக விழுந்து சிவந்து காய்ந்த இலை, மருந்து தெளிக்காத மரமாக இருக்க வேண்டும். கழுவி, நாற்பது லிட்டருக்கு ஒன்று. மூன்று வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும்போது மாற்றிவிடுவேன். பீட்டைப் போல இது சுண்ணாம்பை உறிஞ்சாது. மழைநீரில் உறிஞ்சுவதற்கு எதுவும் இல்லை என்பதால் அந்தக் குறை தெரிவதில்லை, நியான் பொரிக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பைகார்பனேட் இல்லாத நீரில் பி.எச். ஒரே இரவில் சரியக்கூடும். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள், நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், தீனியைக் குறைத்தே போடுங்கள்.