காக்கை எடுக்கும் கணக்கெடுப்பு

வரதராஜன்பேட்டையில் கிழமை தவறாதவை இரண்டு: கோயில் மணி, காக்கை. கிறித்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் என்பதால் அமாவாசைக்குக் கூரைமேல் சோறு வைக்கும் வீடுகள் குறைவு. காக்கைக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சனம் கறிக்கடைக்கு வரும் என்று அதற்குத் தெரியும். சனம் வருவதற்கு முன்பே கடையோரத்து மரத்தில் இடம் பிடித்துவிடும். அமாவாசையன்று அக்கம்பக்கத்துத் தெருக்களில் பந்தி. இரண்டு பக்கமும் சாப்பிட்டுவிட்டு எந்தப் பக்கமும் கோயில் வரி கட்டாமல் வாழ்கிற ஒரே குடிமகன் அதுதான்.

சித்திரையில் மாடிக்கு மாடி கூழ்வடகம் காயும்போது இந்தக் குடிமகனின் நிர்வாகத் திறமை முழுதாக வெளிப்படும். காவலுக்கு ஆயா உட்கார்ந்தால் ஒரு கணக்கு. பேத்தி உட்கார்ந்தால் வேறு கணக்கு. ஆயாவிடம் கம்பு இருக்கிறது, குறியும் தப்பாது. ஆனால் பதினொரு மணி வெயிலுக்குக் கண் சொருகும். அதுவரை கைப்பிடிச் சுவரில் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். பேத்தியிடம் அந்தத் தொல்லை இல்லை. கையில் செல்போன் இருப்பதைப் பார்த்தவுடனே இறங்கிவிடலாம். பாதி வடகம் போன பிறகு ஆயா விழித்து, “சனியனே!” என்று கத்துவார். கழுத்தில் செபமாலை இருந்தாலும், சனி பகவானின் வாகனத்தை அவர் ஏறக்குறையச் சரியாகவே விளித்திருக்கிறார்.

யார் கம்பெடுப்பார், யார் எடுக்கமாட்டார் என்று காக்கை ஆள் பார்த்து வைத்திருக்கிறது என்பது ஆயாக்கள் என்றைக்கோ கண்ட உண்மை. அறிவியல் உலகம் அதை உறுதிசெய்ய 2006 வரை காத்திருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பறவையியல் பேராசிரியர், ஆதிமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்தார். காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அதன்பிறகு அந்த முகமூடியோடு யார் வளாகத்தில் நடந்தாலும் காக்கைகள் திரண்டு வந்து திட்டின. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இன்னொரு முகமூடி, அப்போதைய துணை அதிபர் டிக் செனியுடையது. அதை அவை கண்டுகொள்ளவே இல்லை. அன்றைய அமெரிக்காவில் செனியிடம் பகை பாராட்டாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்திருக்கிறது!

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே முகமூடியோடு மார்ஸ்லஃப் ஒரு நடை நடந்தபோது, எதிர்ப்பட்ட 53 காக்கைகளில் 47 திட்டின. பிடிபட்டவை ஏழுதானே? மற்றவை பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை. குஞ்சுகள் தாய் தகப்பனிடம் பாடம் படித்தவை. வரப்புத் தகராறு மூன்று தலைமுறைக்கு இறங்கும் நம் ஊர்களில் இது யாருக்கும் புதிதாகத் தோன்றாது. ஒரு வித்தியாசம், 17 ஆண்டுகளில் அந்தக் காக்கைகளின் பகை அடங்கிவிட்டது. நம்முடைய வழக்குகள் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

அவை அமெரிக்கக் காக்கைகள், நம் சாம்பல் கழுத்து ஊர்க்காக்கை வேறு இனம் என்று யாராவது ஆட்சேபிக்கலாம். அவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில் பதில் இருக்கிறது. அங்கே ஒரு கூலித் தொழிலாளி, இரும்பு வலையில் சிக்கிய காக்கைக் குஞ்சைக் காப்பாற்றப் போனார். குஞ்சு அவர் கையிலேயே இறந்துவிட்டது. பார்த்திருந்த காக்கைகள் முதல் தகவல் அறிக்கையை அங்கேயே எழுதி முடித்துவிட்டன. வீட்டை விட்டு வெளியே வந்தாலே தலையில் கொத்து. மூன்று ஆண்டுகளாக அந்த மனிதர் கம்பில்லாமல் நடமாடுவதில்லை என்று 2019இல் செய்தி வந்தது. மேல்முறையீடு கிடையாது.

ஒரு காக்கை மின்கம்பியில் அடிபட்டு விழுந்தால் ஊர்க் காக்கைகள் எல்லாம் கூடிக் கரைவதை ‘ஒப்பாரி’ என்று நினைத்து நாம் நெகிழ்ந்துபோகிறோம். சியாட்டிலில் கேலி ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளர் செத்த காக்கையைக் கையில் ஏந்திய முகமூடி மனிதர்களை நிற்கவைத்துப் பார்த்தார். காக்கைகள் அந்த முகத்தைக் குறித்துக்கொண்டன. அந்த இடத்தில் சாப்பிடவும் தயங்கின. ஆக அழுகையைவிட விசாரணைதான் அதிகம். எங்கே நடந்தது, பக்கத்தில் யார் இருந்தது? நம் இழவு வீட்டுத் திண்ணையிலும் நடப்பது ஏறக்குறைய அதுவே.

பள்ளிப் பாடத்தில் குடத்துக்குள் கல் போட்ட காக்கையையும் சோதித்துவிட்டார்கள். 2009இல் கேம்பிரிட்ஜில், காக்கையின் உறவினப் பறவைகள் நான்கு, குழாய்த் தண்ணீரில் மிதந்த புழுவை எடுக்கக் கல்லைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திக் காட்டின. பாட்டி சுட்ட வடையைப் பாட்டுப் பாடித் தொலைத்த கதையை மட்டும் இன்னும் யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு விவரமான பறவை அப்படி ஏமாந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

ஆனால் ஏமாறும். குயில் ஏமாற்றும். ஆண் குயில் எதிரே வந்து வம்பிழுக்க, காக்கை கூட்டை விட்டுத் துரத்திக்கொண்டு போக, அந்த இடைவெளியில் பெண் குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் முட்டை சிறியது, முன்னதாகவே பொரியும், முதல் வாய் உணவும் அந்தக் குஞ்சுக்கே. சாலையில் போகிற மனிதனின் முகத்தை ஆண்டுக்கணக்கில் மறக்காத பறவைக்குத் தன் வீட்டு முட்டை எது என்று தெரியவில்லை. ஊர் விவகாரத்தில் இவ்வளவு கவனம் வைத்தால் இப்படித்தான்.

மனிதனை நம்பியே பிழைப்பதால் அவன் போகிற இடமெல்லாம் காக்கையும் போனது. காப்பிச் செடியின் கம்பளிப்பூச்சிகளைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். காப்பித் தோட்டம் போய்விட்டது, காக்கை இருக்கிறது. கென்யா அரசு 2024இல் பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. ஒழிக்க வருபவரின் முகத்தை அவை குறித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் அங்கே சிக்கல்.

வைகாசியில் மரத்தடியில் காக்கைக் குஞ்சு கிடந்தால் இரக்கப்பட்டு உடனே தூக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பறக்கப் பழகும் குஞ்சுதான். பெற்றவை மேலே கிளையில் இருக்கும். நாயும் பூனையும் நெருங்குவதால் எடுத்து உயரத்தில் வைத்தே ஆகவேண்டும் என்றால், முகத்தை நன்றாகத் துண்டால் மூடிக்கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு பழியை அவர்மேல் தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். காக்கை பார்ப்பது முகத்தை, சட்டையை அல்ல.