அடிக்கோடு போட்ட கார் பார்க்கிங்

அனுப்புநர்:
வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன்,
இரும்பை, வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
தொழில்நுட்ப வரைபடங்களுக்கு விதி வகுக்கும் குழுவினர்,
இந்தியத் தர நிர்ணய அமைவனம்,
மானக் பவன், பகதூர் ஷா ஜாபர் மார்க், புது தில்லி.

பொருள்: எண்களுக்கு மட்டும் வழங்கியுள்ள அடிக்கோட்டுச் சலுகையைச் சொற்களுக்கும் நீட்டித்து, முன்தேதியிட்டு அமல்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஐ.எஸ். 11669 : 1986.

ஐயா, அம்மா,

பார்வையில் கண்ட விதியை நீங்கள் வெளியிட்டபோது உங்களுக்கு ஐ.எஸ்.ஐ. என்று பெயர். மறு ஆண்டே பெயரை மாற்றிக்கொண்டீர்கள். எங்கள் பக்கம் கிரைண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, 'ஐ.எஸ்.ஐ. மார்க் இருக்கா?' என்றுதான் கேட்கிறார்கள். அது போகட்டும்.

வரைபடத்தில் எழுதிய அளவும் வரைந்த நீளமும் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணின் கீழே தடித்த நேர்கோடு ஒன்று போட வேண்டும் என்பது உங்கள் விதி. நடுவில் வெட்டிச் சுருக்கி உடைப்புக்கோடு காட்டிய இடத்துக்கு மட்டும் விலக்கு. 'எழுதியிருப்பதை எடுத்துக்கொள், ஸ்கேல் வைத்து அளந்து பார்க்காதே' என்று படிப்பவனுக்குச் சொல்ல இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஒரு கோடு, அவ்வளவுதான். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், நோட்டரி வேண்டாம்.

ஆனால் எங்கள் ஊரில் அடிக்கோடு என்பது மரியாதை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனுவில் 'பொருள்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு இல்லையென்றால் மனு எடுபடாது என்று எழுதிக்கொடுப்பவர் மனதார நம்புகிறார். பத்தாம் வகுப்பில் தலைப்புக்கெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வளர்ந்த பிள்ளை, பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு ஆட்டோகேட் முன்னால் உட்காரும்போதும் அதையேதான் செய்கிறது. அதனால் ஒரு வீட்டு பிளானை விரித்தால் எழுத்து இருக்கிற இடமெல்லாம் கோடும் இருக்கும். தரைத்தள வரைபடத்துக்குக் கோடு. முகப்புத் தோற்றத்துக்குக் கோடு. கார் பார்க்கிங், மழைநீர் சேகரிப்புத் தொட்டி, படிக்கட்டு அறை, பக்கவாட்டுத் திறந்தவெளி, எல்லாவற்றுக்கும் கோடு. கழிவறைக்குக்கூட உண்டு, அங்கே ழகரத்தின் வாலையும் றகரத்தின் வாலையும் கோடு குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். தமிழ் எழுத்தில் பாதி கீழே இறங்குகிற சாதி என்பது கோடு போட்ட மென்பொருளுக்குத் தெரியாது.

இத்தனை கோடுகளும் வெறும் அலங்காரம் என்றே தொழிலில் இருக்கிற எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தோம். உங்கள் விதியைப் படித்த பிறகு பழைய பிளான்களை எடுத்து ஊரைச் சுற்றிப் பார்த்தால், மெய் சிலிர்க்கிறது. கார் பார்க்கிங் என்று அடிக்கோடு போட்ட இடத்தில் ஷட்டர் வைத்த கடை, உள்ளே ஜெராக்ஸ் மெஷின். பக்கவாட்டுத் திறந்தவெளி என்று அடிக்கோடு போட்ட இடத்தில் மாடிக்கு ஏறும் இரும்புப் படி. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது 2003-இல். அன்று முதல் அந்தத் தொட்டி பிளானில் தவறாமல் இருக்கிறது, அடிக்கோட்டோடு. வீட்டில் தேடினால் துளசி மாடம் இருக்கிறது. படிக்கட்டு அறைக்கும் அடிக்கோடு, அது இப்போது வாடகைக்கு விட்ட ஒற்றை அறை. எழுதியது ஒன்று, இருப்பது ஒன்று, கீழே கோடு. உங்கள் விதிப்படி அட்சரம் பிசகவில்லை.

ஒரேயொரு வித்தியாசம். உங்கள் விதியில் எழுத்து மெய், படம்தான் பொருந்தாதது. எங்களிடம் எது மெய் என்பது கட்டடம் எழும்பி, கரண்ட் கனெக்‌ஷன் வாங்கிய பிறகுதான் தெரியவரும்.

இந்தக் கோட்டைப் போடுவதிலேயே எங்களுக்குள் மூன்று மதங்கள் இருப்பதையும் குழுவினர் அறிய வேண்டும். முதல் மதத்தார் பழையவர்கள். 1982-இல் ஆட்டோகேட் பிறந்ததை நேற்று நடந்ததுபோல் பேசுவார்கள். இரண்டு சதவீதக் குறியை அடுத்தடுத்துத் தட்டி, பின்னாலேயே ஆங்கில யூ எழுத்தைத் தட்டினால் கோடு தொடங்கும். சொல் முடிந்ததும் அதே மூன்றையும் மறுபடி தட்டினால் நிற்கும். நிறுத்த மறந்தால் வரி முடிகிற வரைக்கும் ஓடும். மந்திரத்தை ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் எழுந்து போகிறவர்கள் எங்கள் தொழிலில் அதிகம் என்பதால், 'படுக்கையறை' என்ற சொல்லுக்கு மட்டும் போட வேண்டிய கோடு பக்கத்தில் இருக்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடியையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். உங்கள் விதியின்படி அந்த அறை அப்போதே சந்தேகத்துக்குள்ளாகிவிடுகிறது. பெரும்பாலும் நியாயமான சந்தேகம்தான்.

இரண்டாம் மதத்தார் பத்தி எழுத்துக்காரர்கள், எம்-டெக்ஸ்ட் வழிபடுபவர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளுக்குள் சாய்கோடும் பெரிய எல் எழுத்தும் சேர்ந்து கோட்டைத் திறக்கும், சின்ன எல் வந்து மூடும். சதவீத மந்திரம் இங்கே பலிக்காது. பழைய மதத்தில் பழகியவர் இங்கே வந்து பழக்கதோஷத்தில் இரண்டு சதவீதக் குறியைத் தட்டினால் அது அப்படியே, பச்சையாக, தாளில் அச்சாகி வந்துவிடும். அப்படி வந்த ஒரு பிளானைக் கையில் வாங்கிய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, ரெண்டு எடத்துக்குப் பர்சன்டேஜ் போட்டிருக்கியே, ஒண்ணு தெரியும், இன்னொண்ணு யாருக்கு?"

மூன்றாம் மதத்தாருக்கு மந்திரமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. எழுத்துக்கு அடியில் கையாலேயே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். சொல்லை மாற்றினால் கோடு மாறாது. சொல்லை நகர்த்தினால் கோடு கூட வராது. சொல்லையே அழித்துவிட்டாலும் கோடு மட்டும் அநாதையாய் ஹாலுக்கு நடுவில் கிடக்கும். அந்த பிளானோடு சைட்டுக்குப் போனால் மேஸ்திரி கேட்பார்: "சார், இது செவுரா, எழுத்துக் கோடா?" கேட்கிறவர் நல்ல மேஸ்திரி. கேட்காதவர் செங்கல் அடுக்கிவிடுவார்.

தமிழில் எழுதினால் கூடுதலாக ஒரு விசேஷம். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆட்டோகேட்டின் பழைய கோட்டு எழுத்துருக்களுக்கு அந்த அரசாணை எட்டவில்லை. தமிழ் எழுத்துரு இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி ஆகிவிடும். அதன் கீழே அடிக்கோடு மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்கும். பொது உபயோகத்துக்கான பூங்கா இடம் என்று எழுதியது, வெறும் கேள்விக்குறிகளாகி, அழுத்தமான கோட்டோடு அச்சாகும். எங்கள் பக்கத்து மனைப்பிரிவுகளின் பூங்காவை இதைவிடத் துல்லியமாக எந்த வரைபடமும் காட்டியதில்லை.

மனைப்பிரிவு என்றதும் எண்களுக்கு வருகிறேன். அது உங்கள் சொந்த இலாகா. ஆட்டோகேட்டில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் அளவு தானாக வந்து நிற்கும். அந்த எண்ணைத் தட்டிவிட்டு நாம் விரும்பிய எண்ணை அங்கே எழுதவும் வசதி உண்டு. டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்பார்கள். இருபது அடிப் பாதையை வரைந்து அதன்மேல் முப்பது என்று எழுதினால், மென்பொருள் முகம் சுளிக்காது, எச்சரிக்காது, தானாக அடிக்கோடும் போடாது. அதைப் போட வேண்டியவன் மனிதன். நாட்டில் இந்த ஒரு கோட்டை மட்டும் போடாமல் விடுவதற்கு எவ்வளவு ஒழுக்கம் கடைப்பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்: படுக்கையறைக்குப் போடுகிறவன், பூஜை அறைக்குப் போடுகிறவன், அந்த முப்பதுக்குப் போட மாட்டான்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கம்பிக்கல் நட்ட செம்மண் காடுகளுக்கெல்லாம் அப்போதுதான் திடீரென்று வரைபடம் தேவைப்பட்டது. மண்ணில் பாதை முதலிலேயே இருந்தது. அதைப் பார்த்துத் தாளில் பாதை பிற்பாடு பிறந்தது. பிறக்கும்போதே கொஞ்சம் அகலமாகப் பிறந்துவிட்டதில் ஆச்சரியமில்லை. 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்து எல்லாவற்றுக்கும் மீட்டர் கணக்கு சொன்னன. 2024 ஜூலையில் சுயசான்றும் வந்துவிட்டது: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் உரிமையாளரே சான்று சொல்லி உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல திட்டம், அலைச்சல் மிச்சம். தனக்குத் தானே சான்று சொல்லிக்கொள்கிறவர் தனக்குத் தானே அடிக்கோடும் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

அடிக்கோடு அவமானம் என்று நினைப்பவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மகாகாளேஸ்வரர் கோயிலுக்கு வந்து பாருங்கள். கடுவெளிச் சித்தர் கதை இந்த ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவளின் சிலம்பு கழன்று விழ, சித்தர் எடுத்து அவள் காலில் பூட்டினார், ஊர் சிரித்தது, சித்தர் பாடினார், லிங்கம் வெடித்தது. பிறகு மன்னன் கெஞ்சி, சித்தர் மனமிரங்கி, வெடித்தது கூடியது என்கிறார்கள். வெடிப்பைச் செப்புத் தகட்டால் பிணைத்து வைத்திருக்கிறார்கள். புதுக் கல் வைத்துப் பூசி மெழுகி, ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் சாதிக்கவில்லை. சம்பந்தர் பாடிய தலத்து மூலவருக்கே அந்தச் செப்புத் தகடு ஒரு குறைச்சலாகப் படவில்லை, முப்பதடி ரோட்டுக்கு என்ன வந்தது?

பக்கத்திலேயே ஆரோவில். 1968 பிப்ரவரி 28-இல் நாடு நாடாகக் கொண்டுவந்த மண்ணைத் தாழியில் போட்டுத் தொடங்கினார்கள். ரோஜர் ஆன்ஜே நட்சத்திர மண்டலம் போலச் சுழற்றி வரைந்த நகரம் அது. 50,000 பேருக்கென்று திட்டம். அரை நூற்றாண்டு தாண்டியும் அங்கே வசிப்பவர்கள் சில ஆயிரம்தான். அந்த 50,000-க்குக் கீழே ஒரு தடித்த கோடு போட்டிருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வந்திருக்காது. கனவுக்கு ஸ்கேல் வைத்து அளக்காதே என்று அதற்குப் பொருள். கனவு கண்டவர்களும் மறுத்திருக்க மாட்டார்கள்.

'என்.டி.எஸ்.' என்ற மூன்றெழுத்தைப் பற்றியும் கடிந்துகொள்ள வேண்டும். நாட் டு ஸ்கேல், அதாவது அளவுக்கு வரைந்ததல்ல. இதைக் கீ பிளானுக்கு அடியில் எழுதுவது நியாயம். மனை எங்கே இருக்கிறது என்று வழி காட்டும் படம் அது, திண்டிவனத்தையும் பாண்டிச்சேரியையும் உள்ளங்கை அகலத்தில் அடக்கியாக வேண்டும். ஆனால் தாளின் மூலையில், பெயர்ப் பெட்டிக்குள், பொடி எழுத்தில் இதை எழுதிவிட்டுத் தாள் முழுவதற்கும் பாவமன்னிப்பு வாங்கிக்கொள்கிறார்கள். எறும்பு வாசிக்கிற எழுத்தில். நீங்களோ வரைபட எழுத்துக்கு 2.5, 3.5, 5, 7 மில்லிமீட்டர் என்று உயரம் வகுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே அடியிற்கண்டவற்றைப் பணிவுடன் கோருகிறேன். கட்டட வரைபடங்களில் சொற்களுக்குப் போட்டு வந்த அடிக்கோடுகள் யாவும் உங்கள் விதியின்படியே போட்டவை என்று முன்தேதியிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளாக உண்மை பேசி வந்தும் அதை அறியாமலேயே இருந்த ஒரு தொழிற்கூட்டத்துக்கு அந்த மரியாதையாவது கிடைக்கட்டும். இனிமேல் கட்டப் போவதாக நிஜமாகவே எண்ணியிருக்கும் பார்க்கிங்குக்கும் தொட்டிக்கும் அடிக்கோடு போடத் தடை விதிக்க வேண்டும். அப்போது ஒரு பிளானைக் கையில் எடுத்ததுமே எது வரும், எது வராது என்று வங்கி மேனேஜரும் சொல்லிவிடலாம். கையால் இழுக்கும் அநாதைக் கோடுகளைச் செங்கல் விலை கருதியாவது ஒழிக்க வேண்டும். தமிழ் எழுத்தின் கால்களை வெட்டாதபடி கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் போடச் சொல்லி மென்பொருள்காரர்களுக்கு ஓலை அனுப்ப வேண்டும். ஓவர்ரைடு செய்த எண்ணுக்குக் கோடு தானாக விழும்படி அவர்களையே கேட்கலாம். எதிர்ப்பு வரும், எங்கள் பக்கமிருந்துதான் முதலில் வரும், பொருட்படுத்த வேண்டாம்.

இக்கடிதத்தில் 'பொருள்', 'பார்வை' என்ற சொற்களுக்கு வழக்கப்படி அடிக்கோடு போடவில்லை. பொருள் உண்மையானது என்பதால்.

இப்படிக்கு,
இரும்பை டிராஃப்ட்ஸ்மேன்

நகல்: திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் பேனர் அச்சடிக்கும் கடைக்காரர்களுக்கு – 'மனையிலிருந்து பாண்டிச்சேரி 10 நிமிடம்' என்று யாராவது அச்சடிக்கக் கொடுத்தால், பத்தின் கீழே தடித்த நேர்கோடு ஒன்று சேர்த்துக் கொடுக்கும்படியும், அந்த மைக்குத் தனியாகக் காசு வாங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டு.