நாலு பாத் ஆசாமி

ஆபீஸில் எந்த அப்ளிகேஷன் தவழ்ந்தாலும் முதல் போன் ஸ்டோரேஜ் அட்மினுக்குத்தான். டேட்டாபேஸ்காரர் தன் குவெரியைச் சந்தேகிக்க மாட்டார். நெட்வொர்க்காரர் தன் சுவிட்சைச் சந்தேகிக்க மாட்டார். இருவரும் ஒரே குரலில், "டிஸ்க் லேட்டன்சி பாருங்க சார்" என்பார்கள். அவரோ எல்லாரையும் சந்தேகிப்பவர். அதற்குத்தான் சம்பளம்.

புது விஎம்வேர் ஹோஸ்ட் வந்து இறங்கினால் ஊரே ராம் எவ்வளவு, கோர் எத்தனை என்று விசாரிக்கும். இவர் ரேக்கின் பின்பக்கம் போய்க் குனிந்து நிற்பார். ஃபைபர் கார்டில் இரண்டு போர்ட். ஒன்று ஏ சுவிட்சுக்கு, மற்றது பி சுவிட்சுக்கு. ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலருக்கும் கேபிள். ஆக ஒரு லன்னுக்கு நாலு பாத். திரையில் மூன்று தெரிந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. "மூணு போதாதா?" என்று கேட்கும் மேனேஜரை, கல்யாணப் பந்தியில் பாயசம் எதற்கு என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஜோனிங் நாளில் அவரைக் கேட்க வேண்டும். போர்ட்டின் முகவரியில் 16 எழுத்தும் எண்ணும் கலந்து கிடக்கும். அதை டேட்டா சென்டரில் இருக்கும் பையனுக்கு போனில் ஒப்பிப்பார்.

"பி ஃபார் பாம்பே."

"டி ஃபார் டெல்லியா அண்ணா?"

"தம்பி, முதல்லேர்ந்து வா."

ஐஸ்கஸி என்றால் கவலை வேறு. ஹோஸ்டில் எம்டியு 9000, ஸ்டோரேஜில் 9000, நடுவிலிருக்கும் சுவிட்சில் மட்டும் யாரோ 1500-லேயே விட்டிருப்பார்கள். சாதாரண பிங் ஜோராகப் போகும். பெரிய டேட்டா நகராது. அதனால் இவர் 8972 பைட்டில், துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடுதான் பிங் அடிப்பார். மீதி 28 பைட் ஹெடருக்கு. இதை யாராவது கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

ரவுண்ட் ராபின் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. விஎம்வேர் வழக்கப்படி ஒரு பாதையில் 1000 ஐஓ அனுப்பிவிட்டு அடுத்த பாதைக்கு மாறும். அதை 1 ஆக்கச் சொல்லும் ஸ்டோரேஜ் கம்பெனிகள் உண்டு. இவர் அந்த 1 கட்சி. டீ ஆறிப்போகும், வாதம் ஆறாது.

வீட்டிலும் இரண்டு பிராட்பேண்ட் வைத்திருக்கிறார். இரண்டு கேபிளும் ஒரே இபி கம்பத்தில்தான் தொங்குகின்றன என்பது அவருடைய நிரந்தரத் துக்கம்.

அவருடைய திருவிழா சனிக்கிழமை நள்ளிரவு. சேஞ்ச் விண்டோ திறந்ததும் ஓடுகிற சர்வரிலிருந்து ஒரு கேபிளைக் கையாலேயே உருவுவார். நாலில் இரண்டு பாத் 'டெட்' என்று காட்டும். எல்லாப் பாதையும் செத்தால் ஹோஸ்ட் 140 நொடி பார்த்துவிட்டுத்தான் கைவிடும். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மற்ற இரண்டில் வேலை ஓடுகிறது. விர்ச்சுவல் மெஷினுக்குச் செய்தியே தெரியாது. திரும்பச் செருகி, நாலும் உயிர்பெற்றதைப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லாருக்கும் மெயில் போடுவார். ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

திங்களன்று காம்ப் ஆஃப் கேட்டுப் போவார். மேனேஜர் ரிப்போர்ட்டைப் புரட்டுவார். "டவுன்டைம் ஜீரோன்னு போட்டிருக்கே. ஒண்ணுமே ஆகலையே சார், ராத்திரி பூரா என்ன பண்ணீங்க?"