கதவைச் சாத்துடா!

ஐப்பசி பிறந்தால் எங்கள் ஊர் ஐயங்கார்குளத்துக்கு மழை வருகிறதோ இல்லையோ, பெரியப்பாவின் கழுத்துக்கு மப்ளர் வந்துவிடும். மார்கழியில் அதற்கு மேல் குரங்குக் குல்லா, காதில் பஞ்சு. வெளியே தெரிவது இரண்டு கண்ணும் ஒரு மூக்கும்தான். அந்த மூக்கும், வாடை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மோப்பம் பிடித்தபடி இருக்கும்.

காஞ்சிபுரம் பக்கம் மார்கழி விடியற்காலையில் சுமார் 20 டிகிரி இருக்கும். "லடாக்குல டிராஸ்னு ஒரு ஊரு. அங்கயும் 20தான் பெரியப்பா, முன்னால ஒரு மைனஸ் உண்டு" என்றேன்.

"கோடு கெடக்கட்டும், நம்பர் ஒண்ணுதானே? கதவைச் சாத்துடா!"

வீட்டுக்கு ஒருவர் இப்படி உண்டு. எங்கள் வீட்டில் இவர். வாசற்கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டித் திணிப்பார். ஜன்னல் இடுக்கில், கிழித்த காலண்டர் தாளைச் சோற்றுப்பசை தடவி ஒட்டுவார். போன வருஷத்து நல்ல நேரமும் ராகுகாலமும் சேர்ந்து காற்றைத் தடுத்து நிற்கும்.

இவ்வளவு காவலுக்கும் நட்டநடுவில், வானத்தைப் பார்த்தபடி முற்றம்! ஜன்னலில் தோற்ற வாடை ஓட்டின் மேல் ஏறி, முற்றத்தில் சாவகாசமாக இறங்கும்.

கேட்டால், "அது மேலேருந்து வர்ற காத்துடா, ஒண்ணும் பண்ணாது. பக்கவாட்டுல வர்றதுதான் ஆபத்து" என்பார்.

ஒரு வருஷம் அறைக்குள் கரியடுப்பை மூட்டிவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினார். பெரியம்மா அடுப்பைத் தூக்கி முற்றத்தில் வைத்தாள். "மூடின ரூம்ல கரியடுப்பு வெச்சா மூச்சே நின்னுடும். குளிர்ல பிழைச்சவர் இதுல போயிடாதீங்க!"

சித்திரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் எங்கள் ஊருக்கு எழுந்தருளி, நடவாவிக் கிணற்றுக்குள் இறங்குவார். தண்ணீரை இறைத்துவிட்டால் நாமும் படியிறங்கலாம். ஒரு வருஷம் அன்று கூட்டத்தின் வேர்வையிலேயே கிணறு மறுபடி நிரம்பிவிடும் போலிருந்தது. முதல் படியில் பெரியப்பா நின்றார். மஞ்சள் பைக்குள் கையை விட்டார்.

மப்ளர்.

"கிணத்துக்குள்ள காத்து எந்தப் பக்கம் வரும்னு யாருடா கண்டது?"