சாதம்: ஒரு கப்

மனிதரின் உணவு வாழ்க்கையைச் சத்துணவு நூல்கள் சிசுப் பருவம், குழந்தைப் பருவம், வளரிளம் பருவம், கர்ப்ப காலம், நடுவயது, முதுமை என்று பிரிக்கின்றன. வீடுகளில் வழங்கும் பிரிவு வேறு: ஊட்டும் பருவம், திணிக்கும் பருவம், பிடுங்கும் பருவம், கெஞ்சும் பருவம். நான்கிலும் வினை செய்பவர் பிறர். வாய் மட்டும் சொந்தம். இவை கீழே வரிசையாக எடுத்துக்கொள்ளப்படும். 54 வயது ஆண் ஒருவர் இரவில் எத்தனை இட்லி சாப்பிடலாம் என்ற கேள்விக்கும் உரிய இடத்தில் விடை தரப்படும். சென்ற செவ்வாய்க்கிழமை முதல் ஒரு வீட்டின் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் பிடியில் தொங்கும் தாள் ஒன்று அந்தக் கேள்வியைக் கிளப்பியிருக்கிறது.

முதல் பருவத்தில் அறிவியலுக்குக் குழப்பமே இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழப்பம் உறவினர்களிடம் இருக்கிறது. முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கும். மாடு கன்று போட்டால் அதன் சீம்பாலுக்குத் தெருவே சொல்லிவைத்து, வெல்லம் போட்டுக் காய்ச்சித் தின்ற அதே ஊர், தாயின் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சேனைத் தண்ணீர் வைத்தது. கழுதைப்பாலும் சங்கில் வந்தது. ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில் படக்கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். இதைச் சொன்னால், "உனக்கும் தேன்தான் வெச்சோம், நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்கும் பெரியவர் எல்லா வீட்டிலும் உண்டு. 'நல்லா' என்பதைச் சரிபார்க்க அவர் மேலும் கீழும் ஒரு முறை பார்ப்பதும் உண்டு.

6 மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு கூழும் குழைந்த பருப்புச் சோறும் சேர வேண்டும். பிறக்கும்போது உடம்பில் சேமித்து வந்த இரும்புச்சத்து அப்போது தீரத் தொடங்கியிருக்கும். திணிக்கும் பருவம் இதற்குப் பின்னால் ஆரம்பிக்கிறது. முதல் ஆண்டில் குழந்தையின் எடை பிறந்த எடையைப்போல் மூன்று மடங்காகும். அதே வேகத்தில் போனால் பள்ளியில் சேர்க்க லாரி பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால், இரண்டாம் ஆண்டில் வளர்ச்சி மட்டுப்படும். கூடவே பசியும் மட்டுப்படும். உடம்பு தன் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. பாட்டிமார் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. "புள்ள ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது" என்ற வாக்கியம் பிறந்து, நிலா, காக்காய், தெருமுனை ஆட்டோ எல்லாம் சாட்சிக்கு அழைக்கப்பட்டு, இப்போது கைப்பேசியில் வந்து நிற்கிறது. குழந்தை திரையைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது ஒரு கவளம் உள்ளே போய்விடும். வயிறு நிறைந்ததை வயிறு சொல்லக் கேட்காமல் சாப்பிடும் இந்தப் பயிற்சியை மனிதர் பிறகு ஆயுள் முழுவதும் மறப்பதில்லை.

வளரிளம் பருவத்தில் பெண்களுக்கு மாதவிடாயால் இரும்பு இழப்பு ஏற்படுகிறது. அதற்காகத்தான் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற மாத்திரை. வாங்கும் மாணவிகளில் விழுங்குபவர் எத்தனை பேர், ஜன்னல் வழியே விடுபவர் எத்தனை பேர் என்பது ஜன்னலுக்கு வெளியே நிற்கும் செடிகளுக்குத் தெரியும். கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பை உடம்பு சிரமப்பட்டே எடுத்துக்கொள்ளும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்குக் கை கொடுக்கும், டீயும் காபியும் காலை வாரும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இரண்டையும் தொடாதீர்கள் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொல்லிவிட்டது. டிபன் தட்டைக் கழுவும் முன்பே காபி வராவிட்டால் முகம் திரும்பும் ஊர்களில் இந்த அறிவுரை மிகுந்த மரியாதையுடன் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த நிறுவனத்தின் பிறந்த வீடு நம் குன்னூர். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். 1920-களில் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் தின்ற சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதலிடம் பிடித்தன. தீட்டிய அரிசிச் சோறு தின்ற மதராஸி எலிகள் கடைசி. நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்னும் இதைப் படித்தால் கோபம் வருகிறது. அந்த எலிகளுக்கு யாராவது ஒரு கிண்ணம் தயிர் கூடுதலாக வைத்திருக்கலாம்.

கர்ப்ப காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்பார்கள். இந்தியக் கணக்குப்படி கூடுதல் தேவை நாளுக்குச் சுமார் 350 கலோரி: ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், இரண்டு இட்லி. இரண்டாவது உயிர் அவ்வளவுதான் கேட்கிறது. மீதியைக் கேட்பது மாமியார். குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. கடைக்காரரின் நிறத்தை மாற்றலாம்.

இனி பிடுங்கும் பருவம். இது பெரும்பாலும் ஓர் ஆய்வுக்கூட உறையோடு வீட்டுக்குள் நுழைகிறது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனையில் 5.7 முதல் 6.4 வரை வந்தால் சர்க்கரை நோயின் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாக அர்த்தம். இதை எழுதுபவருக்கு 6.1. இந்தியாவில் 10.1 கோடிப் பேர் ஏற்கெனவே வீட்டுக்குள் போய்விட்டார்கள் என்று 2023-ல் வெளிவந்த தேசிய ஆய்வு கணக்கிட்டது. ஆகவே திண்ணையில் கூட்டம் அதிகம். எண் தெரிந்ததும் பார்த்தவரெல்லாம் வைத்தியர் ஆகிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், பெயர்கூடக் கேட்காமல், "சாருக்குப் பாயசம் வேண்டாம்ப்பா" என்று பரிமாறுபவரிடம் சொல்லும் உரிமையைப் பெறுகிறார்.

ஃப்ரிட்ஜில் தொங்கும் தாளை ஒரு மருத்துவமனையில் கொடுத்தார்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். காலை 6.30-க்கு வெந்தயத் தண்ணீர் என்பது தெளிவாக இருக்கிறது. 'இரவு: இட்லி' என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண் மை அப்பிப் போயிருக்கிறது, 2 ஆகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் 8 ஆகவும் இருக்கலாம். அதை விட மோசம், பளிச்சென்று தெரியும் வரி: 'மதியம்: சாதம் 1 கப்.'

எந்தக் கப்? வீட்டில் ஐந்து அளவைகள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஒன்று காபி கப். அதன் காது உடைந்து பேனா வைக்கப்பட்டிருந்ததால் தள்ளுபடி. இரண்டாவது, எலக்ட்ரிக் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப், 180 மில்லி. இது ஜப்பானியர் அரிசி அளக்கும் 'கோ' என்ற பழைய அளவு. மன்னார்குடிப் பொன்னி அரிசி இன்று அந்நாட்டு அளவையில் இறங்கி உலைக்குப் போகிறது. மூன்றாவது, கேக் செய்வேன் என்று மகள் வாங்கி, ஒரே ஒரு கேக் செய்த செட்டில் உள்ள கப். அமெரிக்கக் கப் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. மதியச் சாப்பாட்டுக்குக் குடியுரிமை மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை இங்கே எழுந்தது. நான்காவது, அரிசி டின்னுக்குள் கிடக்கும் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று சுத்தமான கணக்கு இருந்தது. படிதான் ஊருக்கு ஊர் பெருத்தும் சிறுத்தும் இருந்தது. இந்தக் குழப்பத்தை ஒழிக்க 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒழித்த இடத்தில் கப் வந்து உட்கார்ந்துகொண்டது.

கப் கிடைத்தாலும் தகராறு தீராது. களத்தில் நெல் அளக்கும்போது தலைதட்டி அளப்பதா, கும்பம் வைத்து அளப்பதா என்று எத்தனையோ பேர் முறைத்துக்கொண்டார்கள். சோற்றுக்கும் அது பொருந்தும். கரண்டியின் முதுகால் மெள்ள அமுக்கினால் ஒரு கப்புக்குள் ஒன்றரைக் கப் அடங்கும். இந்த இயற்பியலை இதை எழுதுபவர் இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கடைப்பிடித்தார்.

அடுத்து, அரிசி ஒரு கப்பா, சோறு ஒரு கப்பா? 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. வெந்ததும் அதுவே தண்ணீர் குடித்துக் கிட்டத்தட்ட 300 கிராம் சோறாக ஊதிவிடும். ஆக, இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே ஒரு முழுச் சாப்பாடே இருக்கிறது. ஹைதராபாத் நிறுவனம் இதில் கண்ணியமாக நடந்துகொள்கிறது: நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குத் தானியம் 250 கிராம் என்று கிராமில் சொல்கிறது, அதுவும் வேகாத எடையில். இதை ஆதாரமாகக் காட்டி, தாளில் உள்ள 'சாதம்' அரிசிக்கு ஆகிவந்த ஆகுபெயர் என்று வீட்டில் வாதிடப்பட்டது.

"அப்படின்னா ஆகுபெயரையே தட்டுல போடறேன், சாப்பிடுங்க" என்று பதில் வந்தது.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் மேல்முறையீடு செய்யப்பட்டது.

"ஒரு கப்னா ஒரு கப்தான் சார்."

"எந்தக் கப்பும்மா?"

"நார்மல் கப் சார். வீட்ல இருக்குமே."

"வீட்ல அஞ்சு இருக்கு."

"அதுல சின்னதா எடுத்துக்கங்க சார்."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது பிழை. இல்லத்தரசி எழுந்து பூஜை அலமாரிக்குப் போய் ஐந்தாவது அளவையை எடுத்துவந்தார்: நைவேத்தியக் கிண்ணி. "சாமிக்கே இது போதுது. உங்களுக்குப் போதாதா?" சாமி அதைச் சாப்பிடுவதில்லை என்பதும், முப்பது ஆண்டுகளாக அதைச் சாப்பிட்டுவந்த நபர் அதன் பிறகு தனியாகவும் சாப்பிட்டார் என்பதும் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய வாதங்களாக இல்லை.

கிண்ணிச் சோற்றின் மேல் சாம்பாரை ஊற்றினால் சோறு மூழ்கிவிடுகிறது. மூழ்காமல் ஊற்றினால் நனைவதில்லை. பொரியலுக்குத் தாளில் 'நிறைய' என்று இருக்கிறது. நிறைய என்பதற்கு மட்டும் கப் கிடையாது.

புரதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 46. சோறும் குழம்புமாக ஓடும் வீட்டில் இது எட்டாது. பருப்பும் சுண்டலும் தயிரும் முட்டையும் கூடுதலாக வேண்டும். அதாவது சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வைக்க வேண்டும். தாள் குறைக்கச் சொன்னது ஒரு நிமிடத்தில் அமலாகிவிட்டது. வைக்கச் சொன்னது வரும் வெள்ளிக்கிழமைச் சுண்டலுக்காகக் காத்திருக்கிறது.

கடைசியாக, கெஞ்சும் பருவம். முதுமையில் தசை கரைகிறது, நாக்கின் ருசியும் தாகமும் மங்குகின்றன, வைட்டமின் பி12-ஐ உணவிலிருந்து பிரித்தெடுக்கும் திறன் பலருக்குக் குறைகிறது. கலோரித் தேவை குறையும். புரதத் தேவை குறையாது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு வீடுகள் பெரியவர்களுக்குக் கஞ்சியும் ரஸ்க்கும் கொடுக்கின்றன. இதை எழுதுபவரின் தாயாருக்கு 84 வயது. காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, மோருக்கு ஒரு விரல் நீளம் நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்ற உலக அளவு அவர் காதுக்குப் போகவில்லை. அவரைப் பார்த்த மருத்துவர், "பாட்டி என்ன கேக்கறாங்களோ குடுங்க" என்று முடித்துக்கொண்டார். தாள் எதுவும் தரவில்லை.

செவ்வாய் இரவு அவர் தட்டில் மூன்று இட்லி வைத்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணு அத்தை" என்று மருமகள் கெஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டோடு போதும் என்று கையை உதறிவிட்டு, மூன்றாவதைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளினார் தாயார்.

"சாப்பிடுடா. பாவம், இளைச்சுத் துரும்பாப் போயிட்டே."

மிளகாய்ப்பொடியில் எண்ணெய் குழைக்கப்படும்வரை சமையலறை அமைதியாக இருந்தது.

"ஏங்க, அது எத்தனாவது?"