இளவரசிக்கு எந்தச் சாயமுங்க?

முதல் சரித்திர நாவல் அச்சாகி வந்துவிட்டால் ஆளின் நடையே மாறிவிடுகிறது. அவிநாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நூலகப் படியேறும்போது, உடைவாளைச் சரிசெய்வதுபோல இடுப்பைத் தடவினேன். கையில் வந்தது பஸ் டிக்கெட்.

அலமாரியில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் வரிசையாக இருந்தன. 2022-ல் படம் வந்த புண்ணியமோ என்னவோ, முதல் பாகத்தின் முதுகு முழுக்கச் செலோடேப். ஐந்தாம் பாகம் கட்டுக் குலையாமல் புத்தம் புதுசாக இருந்தது. பக்கத்தில் சாண்டில்யனின் 'யவன ராணி'. என் நாவலிலும் யவனர்கள் உண்டு, ராணிதான் கிடையாது. எல்லாரும் கொடுமணலுக்குக் கல் வாங்க வந்த வியாபாரிகள். படியூர்ப் பச்சைக்கல்லைப் பார்த்ததும் பேரம் பேசுவார்கள். சண்டை குறைவு. நம்ம பக்கத்து ஆட்கள் வாளை உருவுவதற்கு முன்னால் வாளின் விலையைக் கேட்பார்கள் என்பது என் சரித்திரக் கொள்கை.

"நன்கொடைங்களா?" என்றார் நூலகர் அம்மா.

"ஆமாங்க."

பெரிய பதிவேடு விரிந்தது. உள்பக்கப் படத்தில் என் சேர இளவரசியின் நெற்றியில் ஊதா நிற முத்திரை விழுந்தது.

தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி'யை 1895-ல் எழுதிய திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்தவர். கொடுத்து வைத்த மனுசன். நாவலையும் எழுதலாம், பதிவேட்டையும் எழுதலாம், கண்ணுக்கு நேரான தட்டில் தன் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளலாம். அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார். நான் செய்திருப்பேன்.

"இங்க கொண்டாங்க தம்பி."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். புத்தகத்தை வாங்கியதும் படிக்கவில்லை. கட்டை வளைத்துப் பார்த்தார், தையலில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார், தாளை வெளிச்சத்தில் பிடித்தார். செக்கிங் முடிந்த பிறகுதான் ஒரு பக்கம் படித்தார்.

"செந்நிறத் துகில்னு போட்டிருக்கறீங்க. எந்தச் சாயமுங்க?"

"சாயவேருங்க."

"அவுரிம்பீங்களோன்னு பாத்தேன். அது நீலம். சரி, படிகாரம் போட்டாங்களா?"

இளவரசியின் அப்பாவைக் கொல்லச் சதி நடக்கிற பக்கம் அது. "போட்டிருப்பாங்க" என்றேன்.

"போடாட்டி நொய்யல்ல எறங்குனதும் வெளுத்துரும். அடுத்த பக்கத்துலயே குளிக்கறா பாருங்க."

சதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுமணலில் தோண்டியபோது நூல் நூற்கும் தக்களியெல்லாம் கிடைத்த கதையைச் சொன்னேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நூல் ரேட்டுப் பிரச்சினையும் அன்னைக்கே இருந்திருக்கும்."

குரூப் 4 புத்தகத்துக்குள் தலையை விட்டிருந்த பையன் இதைக் கேட்டு எழுந்து வந்தான். எனக்கு உள்ளுக்குள் முரசு கொட்டியது. இளைய தலைமுறை!

"அண்ணா, கொடுமணல் எந்த மாவட்டமுங்க?"

"ஈரோடு."

நோட்டில் எழுதிக்கொண்டு, என் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"இதை எழுதுனது யாருன்னு கேப்பாங்களாங்கண்ணா?"

"கேக்க மாட்டாங்க."

நிம்மதியாக நோட்டை மூடினான்.