காதுக்கு வந்த சுதந்திரம்

டேப்லெட்டுக்கு ஹெட்போன் வாங்கப் போனேன். "வயர் வச்சதா, இல்லாததாண்ணே?" என்றார் கடைக்காரத் தம்பி. "முதல்ல ஜாக் இருக்கா பாருங்க." டேப்லெட்டைத் திருப்பித் திருப்பித் தடவினோம். இல்லை.

19ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பிறந்த செருகியின் பேரன்தான் ஜாக் எனும் அந்த 3.5 மில்லிமீட்டர் ஓட்டை. 2016இல் ஐபோன் 7இலிருந்து அதைத் தூக்கிய ஆப்பிள், அந்தச் செயலுக்கு வைத்த பெயர் 'துணிச்சல்'. அதே மேடையில் வயரில்லா ஏர்பாட்ஸையும் அறிமுகப்படுத்தியது. குடையைப் பிடுங்கிக்கொண்டு ரெயின்கோட் விற்க, துணிச்சல் வேண்டும்தானே! 2018இல் ஐபேட் ப்ரோவுக்கும் அதே கதி.

வயரில்லாததில் சிக்கு விழாது, சார்ஜ்தான் நிற்காது. சில நேரம் கதாநாயகன் வாயசைத்து முடித்தபின் வசனம் வந்து சேரும். ஒன்று காதிலிருந்து நழுவினால், சோபாவுக்கடியில் தவழ வேண்டும். வயர் உள்ளதற்குச் சார்ஜ் வேண்டாம். ஆனால் பையில் சும்மா கிடந்தே இடியாப்பமாகிவிடும்.

கடைசியில் வயர் உள்ளதையே வாங்கினேன், யூஎஸ்பி-சி அடாப்டருக்குத் தனியாகத் தண்டம் அழுது. அரை மணி நேரம் சிக்கெடுத்தாலும் இரண்டு காதும் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் கடைக்குப் போகுமுன் டேப்லெட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஓட்டை இருந்தால், அந்த டேப்லெட்டை விற்றுவிடாதீர்கள்.